என் மகள் மண் படிக்கிறாள்

ஏப்ரல் மாதம் வந்தால் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்குத் தூக்கமே கிடையாது. யார் பிள்ளைக்கு எந்த யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது என்று படம் படமாக வரும். கூடவே கைதட்டும் பொம்மைகள், பூங்கொத்து, லட்டு. 3 வருடம் முன்னால் வந்த ஏப்ரலில் நான் அந்தக் குழுவை மியூட் செய்துவிட்டு, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பித்த 7 இடங்களில் 6 இடம் இல்லை என்றுவிட்டன. ஏழாவது வேறு மாநிலத்தில் இருந்தது. வருடத்துக்கு 60,000 டாலருக்கு மேல் ஆகும்.

"சரி, 2 வருஷம் கம்யூனிட்டி காலேஜ் போயிட்டு, அங்கேருந்து டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கலாம்" என்று முடிவானது. முடிவானது என்ன, நானும் என் கணவரும் முடிவு செய்தோம், அவள் தலையாட்டினாள். அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோவில்பட்டி பக்கம் கரிசல் காடு. பருத்தி, கம்பு, உளுந்து எல்லாமே மழையை நம்பி. 2 வருடம் விளைந்தால் ஒரு வருடம் கடன். தாத்தா இருந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்று அப்பாவை சிவில் இன்ஜினியர் ஆக்கினார். அப்பா 1974-ல் கலிஃபோர்னியா வந்தார். நான் இங்கேதான் பிறந்தேன். அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார்.

என் தலைமுறையில் இங்கே வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிது இல்லை. எனக்கு வரலாறு படிக்க ஆசை. படித்தது ஃபார்மசி. "என் பிள்ளையை நான் இப்படித் தள்ள மாட்டேன்" என்று 19 வயதில் சபதம் எடுத்தவள் நான். நீங்களும் எடுத்திருப்பீர்கள். அந்தச் சபதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று மகளின் இரண்டாவது செமஸ்டரில் தெரிந்தது.

அவளுக்கு லேப் உள்ள ஒரு சயின்ஸ் வகுப்பு வேண்டியிருந்தது. பயாலஜி நிரம்பிவிட்டது. மண் அறிவியல் அறிமுக வகுப்பில் இடம் இருந்தது. 6 வாரம் கழித்து ஒரு ராத்திரி, தோசைக்கல் முன்னால் நான் நிற்கும்போது வந்து சொன்னாள்: "அம்மா, நான் மேஜர் மாத்தப் போறேன். பிளான்ட் சயின்ஸ். மண்ணும் பயிரும்."

தோசை கருகியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஹாலில் இருந்த அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. அவர் அவளிடம் பேசவில்லை, என்னிடம்தான் சொன்னார்: "மண்ணுல கெடந்து சாகக்கூடாதுன்னுதான் எங்கய்யா நிலத்த வித்து என்னப் படிக்க வச்சாரு. இவ காசு குடுத்து மண்ணுக்கே போறேங்கா."

நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. உள்ளுக்குள் நானும் அதையேதான் நினைத்தேன்.

கிழக்குப் பக்கம்

எங்கள் வீடு ட்ரேசியில். காலையில் ஊரில் பாதிப் பேர் மேற்கே ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டி சிலிக்கான் வேலிக்கு வேலைக்குப் போவார்கள். கிழக்கே போனால் பாதாம் தோப்பு, தக்காளி, மாட்டுப் பண்ணை. உலகத்து பாதாமில் ஏறக்குறைய 80 சதவீதம் கலிஃபோர்னியாவில் விளைகிறது. அதில் பெரும் பகுதி எங்கள் வீட்டிலிருந்து தொடங்கித் தெற்கே போகும் சமவெளியில்தான். இத்தனை வருடத்தில் நான் அந்தப் பக்கம் போனது யோசமிட்டி போகும்போது மட்டும். அதுவும் எரு வாசனைக்குக் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு.

மகள் படித்த காலேஜ் அந்தக் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் முறை அதன் பண்ணையைப் பார்க்கப் போனபோது ஏதோ ஸ்கூல் தோட்டம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். தோப்பு, டிராக்டர் ஷெட், கிரீன்ஹவுஸ், பக்கத்தில் ஆடு மாடு. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு குழி. குழிக்குள் தலையில் தொப்பியோடு 10 பேர் நின்றுகொண்டு, சுவரைக் கத்தியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என் பெண்.

அந்தக் குழிதான் வகுப்பு. மேலே கருத்த மேல்மண், அதன் கீழே களி சேர்ந்த அடுக்கு, அதற்கும் கீழே கிட்டத்தட்ட பாறை. சான் வாகீன் மண் என்று இதற்குப் பெயர், 1997 முதல் கலிஃபோர்னியாவின் அதிகாரபூர்வ மாநில மண். மாநிலப் பூ, மாநிலப் பறவை மாதிரி மாநில மண்ணும் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கீழே இருக்கும் அந்தக் கெட்டி அடுக்கை ஹார்ட்பேன் என்கிறார்கள். சிலிக்கா சிமென்ட் மாதிரி இறுகி உண்டானது. வேரும் போகாது, தண்ணீரும் போகாது. 100 வருடம் முன்னால் மரம் நட வந்தவர்கள் அதை வெடி வைத்து உடைத்தார்கள். இப்போது ஆழமாகக் கீறும் பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன. அந்த ஹார்ட்பேனில் ஒரு துண்டைக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது, கறிவேப்பிலைத் தொட்டி பக்கத்தில்.

வகுப்பில் கூடப் படிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் வளரும் ஸ்கூல்களில் எல்லா வீட்டிலும் அப்பா அம்மா ஏதோ ஒரு ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்து வேலை செய்வார்கள். இங்கே அப்படி இல்லை. பால் பண்ணை வைத்திருக்கும் போர்ச்சுகீசியக் குடும்பத்துப் பையன். பெற்றோர் திராட்சை பறிக்கும் வேலை செய்யும் மெக்சிகன் பெண். சொந்தத் தோப்பு உள்ள பஞ்சாபிகள். ராணுவத்திலிருந்து திரும்பிய 35 வயதுக்காரர். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே லேபுக்கு வருபவர். டிராக்டரை ரிவர்ஸ் எடுப்பதில் என் மகள்தான் வகுப்பிலேயே கடைசி. ஸ்கூலில் ஏபி கால்குலஸில் 5 வாங்கினவள், டிரெய்லரை நேராகப் பின்னால் தள்ளத் தெரியாமல் நின்றாள். அவளை விட 2 வயது சின்னவன் ஒருவன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அது அவளுக்கு நல்லது செய்தது என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் களிமண்

அப்பா சில வாரம் அவளிடம் சரியாகப் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது, கேட்டால் பதில் வரும். அவராக ஒன்றும் கேட்க மாட்டார்.

அவளுக்கு ஒரு செய்முறைத் தேர்வு வந்தது. மண்ணைக் கையால் தொட்டே அதில் மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்று சொல்ல வேண்டும். மணல் நறநறவென்று இருக்கும். வண்டல் மாவு மாதிரி வழுக்கும். களி ஒட்டும். ஈரமாக்கி உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிதுக்கினால் ரிப்பன் மாதிரி நீளும். ஓர் அங்குலம் நீள்வதற்குள் உடைந்தால் ஒரு வகை, 2 அங்குலத்தைத் தாண்டினால் நல்ல களி. களித்துகள் 0.002 மில்லிமீட்டரை விடச் சின்னது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழகிய விரலுக்குத் தெரியும்.

ஜிப்லாக் பைகளில் மண், ஒரு தண்ணீர் ஸ்ப்ரே, என் நல்ல மேசை விரிப்பு. அப்பா சோஃபாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தாங்கவில்லை.

"தண்ணி சாஸ்தி விட்டுட்ட."

எழுந்து வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் களியை எடுத்து, மேசைக் கண்ணாடி மேல் உள்ளங்கையால் உருட்டி நூலாக்கினார். "இப்படி உருட்டி 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்போது உடையணும். அந்த ஈரம் எவ்வளவுன்னு எடை போட்டுப் பார்ப்போம். பிளாஸ்டிக் லிமிட்டுன்னு பேரு. நாங்க படிச்ச காலத்துலயே உண்டு."

"நாங்க ரிப்பன் பண்ணுவோம் தாத்தா. நீங்க நூல் பண்றீங்க."

"மண்ணு ஒண்ணுதான."

அதன் பிறகு ஒரு மணி நேரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. காதை மட்டும் வைத்திருந்தேன். மகள் கேட்டாள், கட்டடம் கட்டும்போது மேல்மண்ணை என்ன செய்வீர்கள் என்று. "வழிச்சு எடுத்து ஓரமாத் தள்ளிருவோம். அதுல வேரு, மக்கு எல்லாம் கெடக்கும். அஸ்திவாரம் நிக்காது."

"தாத்தா! நீங்க தூக்கி எறியுற அந்த ஓரடிதான் எங்க சப்ஜெக்டே."

அவர் சிரித்த சத்தம் கேட்டது. அப்புறம் அவராகவே கரிசலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கரிசலில் வீடு கட்டினால் சுவர் வெடிக்கும், மழையில் ஊதும், கோடையில் சுருங்கிப் பிளக்கும், இன்ஜினியருக்குத் தலைவலி. ஆனால் அதே மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மானாவாரியில் பருத்தி நிற்கும். மகள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். அமெரிக்க வகைப்பாட்டில் மண்ணுக்கு 12 பெரிய பிரிவுகள். அதில் ஒன்று வெர்ட்டிசால், ஊதிச் சுருங்கும் களிமண். அதுதான் இவர் சொல்லும் கரிசல்.

இன்னொன்றும் அன்றைக்குக் கிடைத்தது. உப்பு மண்ணில் 2 வகை உண்டு, இரண்டையும் குழப்பக்கூடாது என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வார்களாம். ஒன்றில் கரையும் உப்பு அதிகம், நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வடித்தால் போகும். மற்றதில் சோடியம் களியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் வெறும் தண்ணீர் விட்டால் மண் இன்னும் இறுகும், முதலில் ஜிப்சம் போட வேண்டும். எங்கள் சமவெளியின் மேற்குப் பக்கத்தில் உப்பு பெரிய பிரச்சினை. அப்பா கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "மொதல்லது உவர். ரெண்டாவது களர். ஊர்ல எல்லாருக்கும் தெரியும்." சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 10 வருடம் படித்த என் மகளுக்கு இந்த 2 சொல்லும் தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் ஆங்கில நோட்டில் அந்த 2 வார்த்தையையும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள்.

காசும் கணக்கும், நாங்கள் செய்த தப்பும்

இனிமேல் வருவது உங்களில் யாராவது இந்தப் பாதையை யோசித்தால் உபயோகப்படும்.

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள். மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். ஒரு செமஸ்டரில் 15 யூனிட் எடுத்தால் 690 டாலர். முதல் முறையாக முழுநேரம் படிக்க வருகிறவர்களுக்குப் பல காலேஜ்களில் முதல் 2 வருடம் அந்தக் கட்டணமும் கிடையாது. மாநிலப் பல்கலைக்கழகங்களான சிஎஸ்யூவில் வருடத்துக்கு 6,000 டாலருக்கு மேல், யூசியில் ஏறக்குறைய 15,000. புத்தகம், பெட்ரோல், ரப்பர் பூட்ஸ் தனி. எங்களுக்கு அதிகம் செலவானது பெட்ரோலுக்கும் கார் சீட் சுத்தம் பண்ணுவதற்கும்தான்.

விவசாயப் படிப்பு எல்லா காலேஜிலும் இருக்காது. மொடெஸ்டோ, மெர்செட், ரீட்லி, வைசேலியா பக்கத்து காலேஜ் ஆஃப் த சிக்வோயாஸ், சலினாஸில் ஹார்ட்னெல், வடக்கே பியூட் என்று பயிர் விளையும் இடங்களில்தான் பலமாக இருக்கிறது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அயோவாவில் கிர்க்வுட், வாஷிங்டனில் வாலா வாலா மாதிரி காலேஜ்களைப் பார்க்கலாம். கனடாவில் இருப்பவர்களுக்கு ஆல்பர்ட்டாவில் ஓல்ட்ஸ் காலேஜும், ஒன்டாரியோவில் க்வெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ரிட்ஜ்டவுன் வளாகத்து 2 வருட டிப்ளமாவும் இதே மாதிரிதான். நேரில் போய்ப் பாருங்கள். பண்ணை எங்கே, மண் லேபில் என்னென்ன இருக்கிறது, பயிர் பாடம் எடுப்பவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். எங்கள் பெண்ணுக்குப் பூச்சி பாடம் எடுத்தவர் முன்பு பல வருடம் தோப்பு தோப்பாகப் போய் ஆலோசனை சொன்னவர். பெரிய யூனிவர்சிட்டியில் முதல் வருடத்தில் அப்படி ஒருவரோடு 20 பேராக வயலில் நிற்பது கஷ்டம்.

இப்போது தப்பு. மேஜர் மாற்றியவுடன் காலேஜில் ஒரு கவுன்சிலரைப் பார்த்தாள். அவர் அறிமுக கெமிஸ்ட்ரி போதும் என்றார். எடுத்தாள், ஏ வாங்கினாள். அவள் போக நினைத்த யூசி டேவிஸ் பிளான்ட் சயின்ஸுக்கு அது கணக்கில் வராது. அங்கே வேண்டியது ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசையாக எடுக்க வேண்டிய வகுப்புகள். அது தெரிய வந்தபோது அடுத்த செமஸ்டரும் பாதி போயிருந்தது. அந்த வரிசையில் முதல் வகுப்பை முடிக்காமல் இரண்டாவதை எடுக்க முடியாது. யூசி வளாகங்கள் பொதுவாக டிரான்ஸ்ஃபர் மாணவர்களை இலையுதிர் காலத்தில்தான் சேர்க்கும். ஆக 2 வருடம் 3 ஆனது.

அன்றைக்கு அவள் காரிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கோபம் கவுன்சிலர் மேல் பாதி, என் மேல் பாதி. அவளுடைய கம்ப்யூட்டர் சயின்ஸ் விண்ணப்பத்துக்கு நான் ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன், கட்டுரை திருத்தினேன், டிரைவ் பண்ணி 4 வளாகம் காட்டினேன். மண் என்றதும் "உன் இஷ்டம்" என்று விட்டுவிட்டேன். சுதந்திரம் கொடுத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தது பாதி அலட்சியம்தான்.

அந்தத் தகவல் எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அசிஸ்ட் என்று ஓர் அரசாங்கத் தளம். எந்த கம்யூனிட்டி காலேஜின் எந்த வகுப்பு, எந்த யூசி அல்லது சிஎஸ்யூவில் எதற்குச் சமம் என்று மேஜர் மேஜராகப் பார்க்கலாம். முதல் செமஸ்டருக்கு முன்னாலேயே பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். டிரான்ஸ்ஃபருக்கு என்றே ஒரு 2 வருடப் பட்டம் இருக்கிறது, பிளான்ட் சயின்ஸிலும் உண்டு. அதை முடித்தால் சிஎஸ்யூ அமைப்பில் ஓர் இடம் உறுதி. ஆனால் நீங்கள் கேட்கும் வளாகத்தில்தான் என்று உறுதி இல்லை. சான் லூயிஸ் ஒபிஸ்போ கால் பாலி வேண்டும் என்றால் அதற்குத் தனியாகப் போட்டி போட வேண்டும். டேவிஸ் உட்பட 6 யூசி வளாகங்களில் டேக் என்கிற உறுதி ஒப்பந்தம் உண்டு. சொன்ன வகுப்புகளை, சொன்ன மார்க்கோடு முடித்தால் இடம் நிச்சயம். அதற்கு செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மெயின் விண்ணப்பம் அதற்குப் பிறகு. பெர்க்லியும் யூசிஎல்ஏவும் இதில் இல்லை. இந்தத் தடவை நான் ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன்.

வேலை கிடைக்குமா?

கல்யாண வீட்டில் எல்லாரும் கேட்பது இதைத்தான். நானும் கேட்டேன்.

கிடைக்கும். ஆனால் பே ஏரியா சாஃப்ட்வேர் சம்பளம் கிடைக்காது. அதைப் பிள்ளைக்கும் நமக்கும் இப்போதே சொல்லிக்கொள்வது நல்லது. 2 வருடப் பட்டத்தோடு நிறுத்தினாலும் மண் பரிசோதனை லேப், நீர்ப்பாசனக் கம்பெனி, விதைக் கம்பெனி என்று வேலை இருக்கிறது. சர்ட்டிஃபைட் கிராப் அட்வைசர் என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. 2 தேர்வு எழுத வேண்டும், வேலை அனுபவமும் வேண்டும். 4 வருடப் பட்டம் இருந்தால் 2 வருட அனுபவம், 2 வருடப் பட்டம் இருந்தால் 3 வருடம். கலிஃபோர்னியாவில் பூச்சி, நோய்க்கு எந்த மருந்து அடிப்பது என்று எழுதித் தருபவருக்கு மாநில லைசென்ஸ் வேண்டும். கிட்டத்தட்ட பயிருக்கு டாக்டர் சீட்டு மாதிரி. ஃபார்மசிக்காரியான எனக்கு இதுதான் முதலில் புரிந்தது. மத்திய அரசில் சாயில் சயின்டிஸ்ட் பதவிக்கு அறிவியல் பாடங்களில் 30 செமஸ்டர் யூனிட், அதில் குறைந்தது 15 மண் சார்ந்ததாக இருக்க வேண்டும். எந்த வகுப்புகளை எடுக்கிறோம் என்பது இங்கேயும் முக்கியம்.

இந்த ஊரில் இந்த வேலை ஏன் தேவை என்பதை எனக்கு விளக்கியது அப்பாதான், மகள் இல்லை. மெண்டோட்டா பக்கத்தில் எடுத்த ஒரு பழைய ஃபோட்டோவை அவர் தொழில் பண்ணிய காலத்தில் எல்லா சிவில் இன்ஜினியருக்கும் தெரியுமாம். ஒரு கம்பத்துப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். 1925-ல் தரை இருந்த உயரம் அவர் தலைக்கு மேலே வெகு உயரத்தில் எழுதியிருக்கிறது. நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, 1977-க்குள் நிலம் 28 அடி கீழே போய்விட்டது. 2014-ல் மாநிலம் நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டது. மிக மோசமாக வற்றிய பகுதிகள் 2040-க்குள் இறைப்பதையும் ஊறுவதையும் சமன் செய்ய வேண்டும். சான் வாகீன் வேலியில் குறைந்தது 5 லட்சம் ஏக்கர் சாகுபடியை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று கலிஃபோர்னியா பொதுக் கொள்கை நிறுவனம் கணக்குப் போட்டிருக்கிறது. எந்த நிலத்தை விடுவது, விட்ட நிலம் புழுதியாகப் பறக்காமல் என்ன செய்வது, மழை வெள்ளத்தை எந்த மண்ணில் தேக்கினால் கீழே இறங்கும் என்பதெல்லாம் மண் படித்தவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்.

நம் ஆட்களுக்கு ஒரு பெயர் சொன்னால்தான் நிம்மதி. சொல்கிறேன். உலக உணவுப் பரிசை 1987-ல் முதன்முதலில் வாங்கியவர் கும்பகோணத்தில் பிறந்து, கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் படித்த எம்.எஸ்.சுவாமிநாதன். 2020-ல் அதை வாங்கிய ரத்தன் லால், ஒஹாயோவில் இருக்கும் மண் விஞ்ஞானி. இவர்களைப் பற்றி மேடையில் பெருமையாகப் பேசும் மாமாக்கள், சொந்தப் பேத்தி அக்ரி படிக்கிறாள் என்றால் "பரவாயில்லம்மா" என்கிறார்கள். அந்தப் "பரவாயில்ல" எனக்கு இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

அப்பாவும் முழுசாக மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். "படிக்கிறதுதான் படிக்கிற, டாக்டர் பட்டம் வரைக்கும் படிச்சிரு" என்று அவளிடம் வாரம் ஒரு தடவை சொல்கிறார். அவளுக்கு அதில் இப்போதைக்கு விருப்பம் இல்லை. அவளுக்கு வயலில் நிற்க வேண்டும். அது முடியாத விவாதம்.

நடுவில் அவர் ஒரு காரியம் செய்யப் பார்த்தார். ஊரிலிருந்து வரும் உறவுக்காரரிடம் கைப்பிடி கரிசல் மண் கொண்டுவரச் சொல்லி ஃபோன் போட்டார், பேத்திக்குக் காட்ட. மகள் பதறிப்போய்த் தடுத்தாள். வெளிநாட்டு மண்ணை அனுமதி இல்லாமல் அமெரிக்காவுக்குள் கொண்டுவரக்கூடாது, மண்ணோடு நோயும் புழுவும் வந்துவிடும் என்று சட்டம். "என் மண்ணுக்கு விசா வேணுமாக்கும்" என்று 2 நாள் முறைத்துக்கொண்டிருந்தார்.

டேவிஸில் இடம் ஜூனில் உறுதியானது. ஜூலை கடைசியில் அவளுக்கு அறை பார்க்க 3 பேரும் காரில் போனோம். ஐ-5 ரோட்டில் வடக்கே, எதிரே தக்காளி ஏற்றிய இரட்டை டிரெய்லர் லாரிகள். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் மகள் ஒரு பக்கத்து ரோட்டில் திருப்பச் சொன்னாள். ஃபோனில் சாயில்வெப் என்று ஓர் ஆப். நிற்கும் இடத்தில் காலுக்குக் கீழே என்ன மண் என்று காட்டும். "கேப்பே. வெர்ட்டிசால்தான். தாத்தா, இறங்குங்க."

வயல் ஓரத்தில் தண்ணீர் பாயாத ஒரு துண்டு நிலம், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நிறம் அவர் ஊர் அளவுக்குக் கறுப்பு இல்லை. அப்பா குனிந்து பார்த்தார். கைத்தடியை ஒரு வெடிப்புக்குள் விட்டார். ஒரு முழத்துக்கு மேல் இறங்கியது. எடுத்து, இன்னொரு வெடிப்பில் விட்டார். ஒரு கட்டியை உடைத்து எச்சில் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இதுல என்னம்மா போட்டிருக்கான்? பருத்தியா?"

"இல்ல தாத்தா, தக்காளி."

"இந்த மண்ணுலயா? தண்ணி எப்படிக் குடுக்கான்?"

"டிரிப் தாத்தா. வாங்க, காட்றேன்."

2 பேரும் வரப்போரமாக நடந்து போனார்கள். நான் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். சாவி கொடுக்க வீட்டுக்காரர் 11 மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 12 தாண்டிவிட்டது.